கூரைக்கும் ஒரு நாள்

வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் செய்துபார் என்பது நம் முன்னோர் வழங்கிய மொழி. இரண்டும் எத்துணை அரிய செயல்கள் என்பதை அனுபவித்தவர் அறிவர். ஆனால் "கட்டிய வீட்டைக் காத்துப்பார்" என்று மூன்றாவதாக ஒன்றை அவர்கள் சேர்த்துச் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை போலும். ஓலை வேய்ந்த வீட்டில் வாழ்ந்தவனுக்குக் கூரையைக் கவனி என்று எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. கூரையே அதை நினைவூட்டிவிடும்.

இம்மாதம் நாம் சிறப்பாகப் பேச விரும்புவது, தம் குலத்திலேயே முதன்முறையாகக் காங்கிரீட் வீடு கண்ட குடும்பங்களோடு. நம் கடற்கரைப் பங்குகளில் இத்தகையோர் பலர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி வந்து குடிசைகளை வாரிச் சென்றபின் கட்டித் தரப்பட்ட வீடுகள் ஒருபுறம். 2011இல் தொடங்கப்பட்ட பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடியில் எழுந்த வீடுகள் ஒருபுறம். 2016இல் வந்த பிரதமர் ஊரக வீட்டுத் திட்டம், 2024இல் தொடங்கப்பட்ட கலைஞர் கனவு இல்லத் திட்டம் ஆகியவற்றால் எழுந்தவை இன்னொருபுறம். வெளிநாட்டில் உழைத்தும், நகையை அடகு வைத்தும், சங்கத்தில் கடன் பெற்றும் தாமே கட்டிக் கொண்டோரும் உளர்.

இவ்வீடுகளுள் பலவற்றை மந்திரிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியதுண்டு. தீர்த்தம் தெளித்தவாறே அறை அறையாகச் சென்றிருக்கிறோம், அடுக்களையைப் பார்த்திருக்கிறோம், கிணற்றையும் பார்த்திருக்கிறோம். ஆனால் ஒரு வீட்டிலேனும் கூரையின்மேல் ஏறிப் பார்த்ததில்லை. வீட்டுக்காரரும் எம்மை அழைத்ததில்லை. ஏனெனில் அவரே ஏறிப் பார்த்ததில்லை. அவ்வீடுகள் பலவற்றில் படிக்கட்டே கிடையாது.

பாட்டி சொன்ன பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாத இரவு. மூன்று நாட்களாக மழை. நோயுற்ற மூதாட்டி ஒருவருக்கு நோயில் பூசுதல் கொடுக்க வேண்டுமென்று அவருடைய பேரன் வந்து அழைத்தார். சென்றோம். நான்கு ஆண்டுகளுக்கு முன் நாமே மந்திரித்த வீடுதான். உள்ளே நுழைந்ததும் நாம் கண்டது, தரையெங்கும் வைக்கப்பட்டிருந்த பாத்திரங்கள். குடம் ஒன்று, அண்டா ஒன்று, சோற்றுப்பானை ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தாளத்தில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே அண்ணாந்து பார்த்தால் வெள்ளைச் சாயத்தின் ஊடே பழுப்பு நிறத்தில் கோடு கோடாகக் கறை. நடுவில், கொக்கியை ஒட்டி, சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிமெண்டுப் பூச்சும் காங்கிரீட்டும் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. அது முந்திய நாள் இரவு விழுந்ததாம். அக்கொக்கியில்தான் ஏழு மாதக் கைக்குழந்தையின் தூளி கட்டியிருந்தது. குழந்தைக்கு இருமல் என்று அன்று மாலைதான் தாய் தன்னருகே கிடத்திக்கொண்டிருக்கிறாள்.

"ரெண்டு தடவை பெயிண்ட் அடிச்சாச்சு சாமி. கடன் வாங்கித்தான் அடிச்சேன். நிக்க மாட்டேங்குது" என்றார் அந்த இளைஞர்.

"மேலே ஏறிப் பார்த்தாயா, தம்பி?" என்று கேட்டோம்.

"மேலே என்ன சாமி இருக்கு? வெறும் காங்கிரீட்டுதானே."

பூசுதல் முடிந்து அமைதியாகப் படுத்திருந்த பாட்டி அப்போது வாய் திறந்தார். "சாமி, எங்க காலத்துல ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மழைக்கு முன்னாடி பனையோலை மாத்துவோம். சொந்தக்காரன் எல்லாம் வந்து நிப்பான். கஞ்சி காய்ச்சி ஊத்துவோம். இவனுங்க சிமெண்டு போட்டானுங்க, கூரையை மறந்துட்டானுங்க."

இதைவிடத் தெளிவாக இப்பொருளைப் பற்றி ஒரு பொறியாளராலும் சொல்ல இயலுமா என்பது ஐயமே. குடிசையில் வாழ்ந்தபோது நம்மிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. குடிசையைக் களைந்தபோது அவ்வழக்கத்தையும் சேர்த்துக் களைந்துவிட்டோம். ஓலைக்குத்தான் ஆண்டுதோறும் கவனிப்பு வேண்டும், காங்கிரீட்டுக்கு ஒன்றும் வேண்டாம் என்பது நம் எண்ணம். அது தவறு. காங்கிரீட் கூரைக்கும் ஆண்டுக்கு ஒரு நாள் வேண்டும். அந்த ஒரு நாளைக் கொடுத்தால் அது நம் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும். கொடுக்க மறுத்தால் நம் காலத்திலேயே தலைமேல் விழும்.

மறுநாள் காலை மழை விட்டதும், கோவில் தேர் அலங்கரிக்கும் நீண்ட ஏணியை எடுத்துச் சென்று, கொத்தனார் ஒருவரோடு மேலே ஏறினோம். கணுக்கால் அளவு தண்ணீர் ஒரு மூலையில் தேங்கி நின்றது. நீர் வெளியேற வேண்டிய ஒரே குழாயின் வாயைக் கிழிந்த வலைத்துண்டும் தென்னம்பாளையும் மண்ணும் சேர்ந்து அடைத்திருந்தன. கைப்பிடிச் சுவரின் அடியில் முழங்கை உயரத்துக்கு ஓர் அரசங்கன்று செழித்து நின்றது. கொத்தனார் கையை விட்டு அடைப்பை இழுத்ததும் தண்ணீர் பேரிரைச்சலோடு கீழே பாய்ந்தது. அந்த வேலைக்குச் செலவு எதுவும் இல்லை. கால் மணி நேரந்தான் ஆயிற்று. ஆனால் நான்கு மழைக்காலம் தேங்கிய நீர் கம்பிக்குச் செய்துவிட்ட கேட்டைச் சரிசெய்ய, இரண்டு முறை பெயிண்ட் அடித்ததைப்போலப் பலமடங்கு செலவாயிற்று.

பிறர் குறையை எழுதும் நாம் நம் குறையையும் ஒப்புக்கொள்வதே முறை. முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில், சக்ரீஸ்து அறையின் அலமாரியில் இருந்த பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் நனைந்துபோயின. தளம் போட்ட கொத்தனாரை மனத்துக்குள் கடிந்துகொண்டோம். பிறகு ஏறிப் பார்த்தபோது, பள்ளிப் பிள்ளைகள் விளையாடிய ரப்பர்ப் பந்து ஒன்று குழாய் வாயில் அளவெடுத்து வைத்தாற்போல் பொருந்தி உட்கார்ந்திருந்தது. பதிவேடுகளை வெயிலில் பக்கம் பக்கமாக உலர்த்திய அந்நாட்களில்தான் கூரையைப் பற்றி நாம் கற்கத் தொடங்கினோம்.

நீர் எவ்வாறு கெடுக்கிறது?

மழை பெய்வதால் கூரை கெடுவதில்லை. பெய்த மழை போகாமல் நிற்பதால்தான் கெடுகிறது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

300 சதுர அடிக் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், ஏறத்தாழ 2,800 லிட்டர் நீர் அதன்மேல் விழுகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அம்மழையில் 300 சதுர அடிக் கூரை ஒவ்வொன்றும் 26,000 லிட்டருக்கு மேல் நீரை ஏற்று இறக்கியிருக்க வேண்டும். குழாய் திறந்திருந்த வீட்டில் அது வழிந்தோடியது. அடைபட்ட வீட்டில் என்னாகும்? அதே கூரையில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் நின்றாலே 700 கிலோ எடை. அந்த எடையைக்கூடத் தளம் தாங்கிக்கொள்ளும். நாள்கணக்காக நின்று, மயிரிழை போன்ற கீறல் வழியே உள்ளே இறங்கும் ஈரத்தைத்தான் அதனால் தாங்க முடிவதில்லை.

காங்கிரீட்டின் வலிமையில் பாதி அதனுள் இருக்கும் இரும்புக் கம்பியுடையது. சிமெண்டின் காரத்தன்மை அக்கம்பியைத் துருவிலிருந்து காத்து நிற்கிறது. ஈரமும் காற்றும் தொடர்ந்து புகுந்தால் இக்காவல் மெல்ல மெல்லக் குலைகிறது. உப்பு சேர்ந்துவிட்டாலோ விரைவில் குலைகிறது. கடற்காற்றில் உப்பு உண்டு. உவர்நீரில் கலவை போட்டிருந்தால் கலவையிலேயே உப்பு உண்டு. மொட்டை மாடியில் கருவாடு காயவைத்தால் அந்த உப்பும் சேர்ந்துகொள்ளும். துருவானது தான் உண்ட இரும்பைவிட இருமடங்குக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும் தன்மையது. ஆகவே அது உள்ளிருந்து காங்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளுகிறது. தூளிக்கருகே விழுந்தது அவ்வாறு விழுந்ததுதான்.

நல்ல முறையில் முடிக்கப்பட்ட கூரையில் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஓர் அடுக்கு இருக்கும். அதற்கும் மேல் தட்டோடு பதித்து இடைவெளிகளை நீர்க்காப்புக் கலவையால் அடைத்திருப்பார்கள். இவ்வடுக்குத்தான் குழாயை நோக்கி வாட்டம் கொடுக்கிறது. வெயிலின் கடுமையையும் தளத்துக்கு எட்டவிடாமல் தடுக்கிறது. பத்தடி நீளத்துக்கு இரண்டு அங்குலம் சரிவு இருந்தால் நீர் தயங்காது ஓடும். சிறு வீடுகள் பலவற்றில் பணம் போதாமையால் இவ்வடுக்கு போடாமலே விடப்பட்டிருக்கும். உங்கள் வீடு அத்தகையதாயின், அடுத்து கையில் பணம் சேரும்போது முகப்புக்குப் பளபளப்பான ஓடு ஒட்டுவதற்கு முன் கூரைக்கு இந்த மேலடுக்கைப் போடுங்கள். முகப்பு அயலார் பார்ப்பதற்கு. கூரையோ உங்கள் பிள்ளைகள் உறங்குவதற்கு.

அந்த ஒரு நாள்

எந்த நாள்? வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறந்த நாள் விழா. விழாவுக்கு ஊர் வந்த பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போதே, அந்த வாரத்தில் ஒரு நாளைக் கூரைக்கென ஒதுக்குங்கள். தேதியை மறக்கவும் இயலாது. குமரி மாவட்டத்தார் தென்மேற்குப் பருவமழையையும் பெறுவதால், மே மாதத்திலும் ஒரு முறை பார்ப்பது நன்று. மழைக்காலம் முடிந்து தை பிறந்தபின், என்ன சேதம் ஆயிற்று என்று அரை மணி நேரம் பார்த்துவந்தால் போதும்.

ஏறும் முறையை முதலில் சொல்லிவிடுகிறோம். ஈரமான கூரையில் பாசி வழுக்கும்; காய்ந்த நாளில்தான் ஏற வேண்டும். தனியே ஏறலாகாது, ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு அடி உயரச் சுவருக்கு ஏணியின் அடிப்பாகம் மூன்றடி தள்ளி ஊன்றியிருக்க வேண்டும். மேல்நுனி கூரை விளிம்பைத் தாண்டி மூன்றடி நீண்டிருந்தால் இறங்கும்போது பிடிமானம் கிடைக்கும். அருகே மின்கம்பி செல்லும் பக்கம் ஏணியைச் சாய்க்கவே கூடாது. குடித்திருப்பவரை, அவர் எவ்வளவு திறமைசாலியாயினும், அன்று கீழேயே இருக்கச் செய்யுங்கள்.

மேலே சென்றதும் முதல் வேலை, பெருக்குவது. சருகு, மண், காக்கை கொண்டுவந்து போட்ட எலும்பு, பட்டத்தின் வால் எல்லாவற்றையும் கூட்டி அள்ளிக் கீழே இறக்குங்கள். குழாய்க்குள் தள்ளிவிட வேண்டாம். இரண்டாவது, குழாய். ஒரு வாளி நீரை ஊற்றிப் பாருங்கள்; கீழே உடனே வந்து விழ வேண்டும். தயங்கி வந்தால் உள்ளே அடைப்பு உண்டு. குழாய் வாயில் குமிழ்போல் எழும்பிய சல்லடை மூடி பொருத்துங்கள். தட்டையான மூடியை ஒரு பாலித்தீன் பையோ ஒரு வாதாம் இலையோ அடைத்துவிடும். ஒரே குழாய் உள்ள கூரையாயின், இன்னொன்று வைக்க இயலுமா என்று கொத்தனாரைக் கேளுங்கள். ஒன்று அடைபட்டாலும் மற்றது காப்பாற்றும்.

மூன்றாவது, செடி. பறவைகள் விதைக்கும் அரசும் ஆலும் சுவர் மூலையில்தான் முளைக்கும். கிள்ளி எறிந்தால் மீண்டும் துளிர்க்கும். வேரோ உள்ளே பருத்துக்கொண்டே இருக்கும். கன்று சிறிதாயிருக்கும்போதே சுற்றியுள்ள பூச்சைக் கொத்தி வேரோடு எடுத்து, அக்குழியைச் சிமெண்டுக் கலவையால் அடைத்துவிட வேண்டும்.

நான்காவது, சுவரும் தளமும் சேரும் மூலை. பெரும்பாலான ஒழுக்குக்கு வாயில் இதுவே. தளம் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும்போது அம்மூலையில் கீறல் விழுகிறது. மூலையைச் செங்குத்தாக விடாமல், கலவை கொண்டு உட்குழிவாக வளைத்துப் பூசியிருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் மேற்பரப்பையும் பாருங்கள். அங்கே பூச்சு வெடித்திருந்தால் நீர் சுவரின் உள்ளே இறங்கும்.

ஐந்தாவது, தண்ணீர்த் தொட்டி. ஆயிரம் லிட்டர்த் தொட்டி நிறைந்தால் அதன் எடை ஒரு டன். அது தளத்தின் நடுவே நிற்கலாகாது; கீழே சுவரோ உத்திரமோ உள்ள இடத்தின்மேல்தான் நிற்க வேண்டும். தொட்டி நிரம்பி வழியும் நீர் கூரையில் கொட்டாமல் குழாய் வழியே கீழே செல்ல வேண்டும். மழையே இல்லாத கோடையிலும் சில வீடுகளில் கூரை ஒழுகுவதற்கு இந்தத் தொட்டியே காரணம்.

ஆறாவது, தட்டோடு. கையால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நலம். பொத்தென்று ஒலித்தால் அடியில் பிடிப்பில்லை. உடைந்ததை மாற்றி, இடைவெளிகளில் கலவை உதிர்ந்திருந்தால் மீண்டும் அடைக்கச் சொல்லுங்கள்.

பழுது இருக்கும் இடம் தெரியவில்லையா? ஓர் எளிய வழி உண்டு. மழை பெய்த மறுநாள், கூரை காய்ந்தபின்னும் எங்கே நீர் நிற்கிறதோ அதைச் சுற்றிக் கரித்துண்டால் கோடு போட்டுவையுங்கள். அங்கே வாட்டம் தவறியிருக்கிறது என்று பொருள். வீட்டினுள் சொட்டும் இடத்துக்கு நேர்மேலேதான் ஓட்டை இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். நீர் தளத்துக்குள்ளே வழி தேடிப் பல அடி தூரம் நடந்து வந்தும் சொட்டும்.

செய்யத் தகாதவை

ஒழுகும் கூரைக்கு உட்புறம் சாயம் பூசுவது, காய்ச்சல்காரனின் நெற்றியில் சந்தனம் தடவிக் காய்ச்சல் போயிற்று என்பதை ஒக்கும். நீர் நுழையும் வழியை மேலே அடைத்து, ஓதம் முற்றும் காய்ந்த பிறகே உள்ளே சாயம்.

திருமணப் பந்தலுக்காகத் தளத்தில் கடப்பாரையால் குழி தோண்டாதீர்கள். மணல் நிரப்பிய தகரத்தில் கம்பை நட்டால் போதும். தொலைக்காட்சிக் குடை வைக்க வருபவர் தளத்தில் துளையிட்டுத் திருகாணி முடுக்க விடாதீர்கள். சுவரின் பக்கவாட்டில் பொருத்தச் சொல்லுங்கள். கருவாட்டை மாடியில் காயவைக்க வேண்டியிருந்தால், தளத்தில் படாதவாறு உயரமான தட்டியில் காயவைத்து, மாலையில் நல்ல நீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். பழைய வலை, விறகு, உடைந்த கட்டில் ஆகியவற்றுக்குக் கூரை கிடங்கு அன்று. அவற்றின் அடியில் ஈரம் காய்வதே இல்லை.

கைப்பிடிச் சுவர் இல்லாத கூரையில் பிள்ளைகளை ஏறவிடலாகாது. புதுவீடு கட்டுபவன் கூரையைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், ஒருவன் விழுந்து இறந்தால் அந்தப் பழி அவ்வீட்டைச் சேரும் என்று மோசேயின் சட்டமே பணித்திருக்கிறது. அக்காலத்து மக்களும் மொட்டை மாடியில் புழங்கியவர்களே.

எப்போது பொறியாளரை அழைப்பது?

பெருக்குவதும், அடைப்பெடுப்பதும், கன்று பிடுங்குவதும் நம் கையில் உள்ளன. மூலைப் பூச்சும் தட்டோடும் கொத்தனார் கையில். ஆனால் சில அடையாளங்களைக் கண்டால் இருவரும் ஒதுங்கிப் பொறியாளரை அழைக்க வேண்டும். உள்கூரையில் கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக விரிசல் தெரிதல், பழுப்புக் கறை, கோலால் தட்டினால் உள்ளே வெற்றிடம்போல் ஒலித்தல், காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிதல், தளம் நடுவில் தொய்தல் ஆகியவை அவை. தொய்வு கண்டால் அவ்வறையில் எவரையும் படுக்க வைக்காதீர்கள்.

பெயர்ந்த இடத்தின்மேல் சிமெண்டை அப்பிவிடுவது பயனற்றது. தளர்ந்த காங்கிரீட்டை முழுவதும் கொத்தி எடுத்து, கம்பியின் பின்புறம் வரை துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சுப் பூசி, அதன்பின்னரே அதற்கென உள்ள கலவையால் மூட வேண்டும். கம்பி வெகுவாகத் தேய்ந்திருந்தால் புதுக்கம்பி சேர்க்க வேண்டியிருக்கும். மின்விளக்கைச் சுற்றி ஓதம் தெரிந்தால் அதன் சுவிட்சைத் தொடாமல் முதன்மை இணைப்பை நிறுத்திவிட்டு மின்பணியாளரை அழையுங்கள்.

வீடு இப்போதுதான் முடியும் தறுவாயில் இருக்கிறதா? ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் குழாய் வாயைத் துணியால் அடைத்து, கூரையில் இரண்டு அங்குலம் நீர் கட்டி ஒரு நாள் முழுவதும் நிறுத்திப் பாருங்கள். கீழே ஓதம் தெரியாவிட்டால் மகிழ்ந்து பணத்தைக் கொடுக்கலாம். துணியை எடுக்க மட்டும் மறந்துவிடாதீர்கள்!

ஓட்டு வீட்டாரும் தகர வீட்டாரும்

சீமை ஓடு வேய்ந்த வீட்டில் உடைந்த ஓட்டை மழைக்கு முன் மாற்றிவிட வேண்டும்; அதற்காகப் பத்து ஓடுகளை எப்போதும் கையிருப்பில் வைத்திருப்பது அறிவுடைமை. ஓட்டின் நடுவில் மிதிக்காமல், அடியில் மரச்சட்டம் தாங்கும் இடம் பார்த்துக் கால்வைக்க வேண்டும். கைமரங்களில் கறையான் ஏறுகிறதா என்பதையும் முகட்டு ஓட்டின் கலவை வெடித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கல்நார்த் தகட்டின்மேல் எவரும் நேரே ஏறலாகாது. பார்வைக்கு உறுதியாகத் தோன்றி, மிதித்ததும் உடையும். இவ்வாறு விழுந்து உயிரிழந்தோர் உண்டு. அதை உலர்ந்த நிலையில் தேய்ப்பதும் அறுப்பதும் வேண்டா; அத்தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. தகரத் தகட்டில் திருகாணிகளின் அடியிலுள்ள ரப்பர் வளையம் சில ஆண்டுகளில் வெயிலில் பொடிந்துவிடும். அவற்றை மாற்றினால் ஒழுக்கு நிற்கும். புயலில் தகடு பறப்பதும் குறையும்.

செலவுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பாட்டியின் காலத்தில் ஓலை மாற்றவும் செலவு இருந்தது. அதற்கென்று ஒரு கலயத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள். நீங்களும் மாதந்தோறும் இயன்றதைக் கூரைக்கென்று தனியே எடுத்துவையுங்கள். ஒரு குறிப்பேட்டில் ஆண்டுதோறும் ஏறிய தேதியையும் கண்டதையும் எழுதுங்கள். கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைகள் அதே இடங்களைப் படம் பிடித்து வைக்கட்டும்; இவ்வாண்டுப் படத்தையும் சென்ற ஆண்டுப் படத்தையும் ஒப்பிட்டால் விரிசல் வளர்கிறதா, நிற்கிறதா என்பது புலப்படும். தெருவுக்கு ஓர் ஏணி வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்வதும் இயலாத செயல் அன்று.

அந்தப் பாட்டி அடுத்த தவக்காலத்தில் அமைதியாகக் கண்மூடினார். அவ்வாண்டு செப்டம்பரில் விழா முடிந்த மறுநாள், பேரன் ஏணி கேட்டு நம் அறைக்கு வந்தார். எதற்கென்று நாம் கேட்கவில்லை. மாலையில் அவ்வழியே சென்றபோது, அக்கம்பக்கத்து வீட்டுக் கூரைகளிலும் ஆட்கள் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். கீழே முற்றத்தில் ஒரு பெரிய பானையில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.